கண்ணாடிக் கால் ஸ்டூல்

தையல்காரி மலை உச்சிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. தையல் மெஷினைப் புருஷன் தோளில் ஏற்றிவிட்டு, தான் ஒரு துணிப்பெட்டியோடு இரும்புப் படிகளில் மூச்சு வாங்க ஏறினாள்.

அவனுக்குக் காட்டுத்தீ காவல் வேலை. உயரமான இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் நாலு பக்கமும் ஜன்னல் வைத்த ஒற்றை அறை. கோடை முழுக்க அங்கேயே கிடந்து, எங்கே புகை தெரிந்தாலும் கீழே ஆபீசுக்கு வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். மழையைப் பார்த்து மாசக்கணக்கான மலை அது. காலை வைத்தால் புல் நொறுங்கியது.

அறையில் ஒரு கட்டில், அடுப்பு, வயர்லெஸ் பெட்டி. நடுவில் எதிரெதிராக இரண்டு மர ஸ்டூல்கள். ஒவ்வொரு காலுக்கும் அடியில் கனத்த கண்ணாடிக் குமிழ்.

"இதென்னங்க, ஸ்டூலுக்குச் செருப்பு மாட்டியிருக்கு?"

"சிரிக்காத. இங்க மின்னல் இந்தக் கோபுரத்துலதான் முதல்ல இறங்கும். இடி பக்கத்துல வந்தா வயர்லெஸ் ஒயரைப் பிடுங்கிடணும். ஸ்டூல்ல ஏறிக் காலைத் தூக்கிக்கணும். எதையும் தொடக் கூடாது. கண்ணாடி இருக்கறதால நம்ம மேல பாயாது."

"அப்ப இது எனக்கா?"

அவன் தயங்கினான். "அதுல உக்கார வேணாம். உனக்குப் புதுசு ஒண்ணு கேட்டிருக்கேன், அடுத்த ஜீப்புல வரும். இது அவளோடது."

அவள் என்றால் மூத்தவள், அவனுடைய முதல் பெண்டாட்டி. ஒரு கோடையில் இதே அறையில் மின்னல் தாக்கிச் செத்தவள். இவன் ஒயரைப் பிடுங்க மறந்துவிட, பாவி மகள் தன் ஸ்டூலைவிட்டு இறங்கிப் போய்ப் பிடுங்கினாள். தையல்காரிக்கு இதெல்லாம் முன்பே தெரியும். தெரிந்துதான் கழுத்தை நீட்டினாள். ஆனாலும் செத்தவளுக்கு ஒரு இடம் இருக்கிறது, உயிரோடு வந்தவளுக்கு அடுத்த ஜீப்பில்தான் வரும் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

தையல்காரி அந்த ஸ்டூலை மூலைக்குத் தள்ளினாள். அடுப்பைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் அது பழைய இடத்தில் நின்றது. அவன் செய்த வேலை என்று நினைத்தாள். அவனோ வெளியே, அறையைச் சுற்றிப் போட்டிருந்த நடைபலகையில் நின்று தூரத்து மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி தள்ளினாள். முதுகுக்குப் பின்னால் கண்ணாடி தரையில் உரசியது.

கிரீச்.

உட்காரும் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி சூடாக இருந்தது. அறையில் முடி கருகிய வாசனை.

பயம் வந்திருக்க வேண்டும். அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. காரணம் இருந்தது. டீ குடிக்கும்போது அவன் பேசியது இவளோடு, பார்த்தது அந்த ஸ்டூலை. நடுவில் ஒரு சிரிப்பு வேறு. கட்டின நாளிலிருந்து அந்தச் சிரிப்பை இவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

மறுநாள் அவன் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனான். தையல்காரி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கைப்பிடிக் கம்பிக்கு மேலாகப் பாறைப் பள்ளத்தில் வீசினாள்.

"போடி. போய்ச் சேரு."

உடையும் சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

கேட்கவே இல்லை.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு சொட்டு மழை இல்லை, வெறும் வறட்டு இடி. அவன் குடத்தைப் பாதி வழியில் போட்டுவிட்டு ஓடி வந்தான். வந்ததும் ஒயரைப் பிடுங்கினான். அப்புறம்தான் நடுவில் இருந்த காலி இடத்தைப் பார்த்தான்.

"ஸ்டூல் எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"அடிப்பாவி! இருக்கறதே ரெண்டுதானே!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆத்திரத்தில் அவள் வீசியது ஒரு உயிருக்கான இடத்தை. அவன் அவளை அலாக்காகத் தூக்கித் தன் ஸ்டூலில் உட்கார வைத்தான்.

"ஐயோ, நீங்க ஏறுங்க! தப்புப் பண்ணினது நான்! இல்லாட்டி உங்க மடியில உக்காந்துக்கறேங்க!"

"ரெண்டு பேரை அந்தக் கண்ணாடி தாங்காது. காலைத் தூக்கு. இறங்கினா கொன்னுடுவேன்."

அவள் கை கால்களிலெல்லாம் மயிர் சிலிர்த்து எழுந்தது. ஜன்னல் கம்பிகள் தேனீக்கூடு மாதிரி ரீங்கரித்தன. அவன் அறை நடுவில், வெறும் தரையில் நின்றான்.

"கடவுளே, இவரை விட்டுடு," என்று அவள் முனகினாள். "யாராவது இவரைக் காப்பாத்துங்க. யாரா இருந்தாலும் சரி."

கருகிய முடி வாசனை குப்பென்று வந்தது.

கிரீச்.

இடி இறங்கியது. அறை முழுக்க வெள்ளை வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அவள் பார்த்தாள்.

அவன் உட்கார்ந்திருந்தான்.

அவனுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. கால்கள் தரையைத் தொடவில்லை. பழகிய மடியில் சாய்கிறவன் மாதிரி பின்பக்கம் சாய்ந்திருந்தான். கண்கள் மூடியிருந்தன.

"ஒயரைப் பிடுங்கிட்டீங்களா?"

கேட்டது பெண் குரல். தையல்காரி வாயே திறக்கவில்லை.

"ம். இந்தத் தடவை மறக்கல," என்றான் அவன்.

இடி அடுத்த மலைக்கு நகர்ந்தது. அவன் தரையில் நின்றுகொண்டிருந்தான், ஒன்றும் நடக்காதவன் போல. ஒயரைச் செருகி, மேற்குச் சரிவில் புகை கிளம்புவதை ஆபீசுக்குச் சொன்னான். சாயங்காலத்துக்குள் ஆட்கள் போய் அணைத்துவிட்டார்கள். "நல்லவேளை, ரெண்டு பேரும் தப்பிச்சோம்," என்று அவளிடம் சொன்னான். அவனுக்கு வேறெதுவும் நினைவில்லை.

அவன் கழற்றிப் போட்ட சட்டையை அவள் துவைக்க எடுத்தாள். இடுப்பைச் சுற்றித் துணி கருகியிருந்தது. பின்னாலிருந்து வந்த இரண்டு கைகள் முன்னால் கோத்திருந்த தடம். விரல்கூடத் தெரிந்தது. தன் கையை அதன்மேல் வைத்து அளந்து பார்த்தாள். அளவு சேரவில்லை. அவள் ஓவென்று அழுதாள். புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு அழுகை, அதற்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இன்னொரு அழுகை.

அடுத்த ஜீப்பில் புது ஸ்டூல் வந்தது. அவனுடையதற்கு எதிரே, காலி இடத்தில் போட்டு வைத்தாள்.

சில நாளில் மறுபடி இடி வந்தது. அவன் ஒயரைப் பிடுங்கினான். அவள் புது ஸ்டூலில் ஏறிக் காலைத் தூக்கிக்கொண்டாள். "வாங்க, சீக்கிரம்," என்று அவனுடைய ஸ்டூலைக் காட்டினாள்.

அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அறையின் மறுபக்கம், ஒன்றுமே இல்லாத மூலைக்கு நடந்தான். அவள் முதல் நாள் அந்த ஸ்டூலைத் தள்ளிவிட்ட அதே மூலை.

கால்கள் தரையைத் தொடாமல், வெறும் காற்றில் நிதானமாக உட்கார்ந்தான். பின்னால் சாய்ந்து, அந்தச் சிரிப்பைச் சிரித்தான்.