அடியில் மூன்று தட்டு

டொக்... டொக்... டொக்...

யோப்பியின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. சத்தம் பாய்மரப் படகுக்கு அடியில், தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. முக்குளிப்பவர்கள் எல்லோரையும் போல, அண்ணன் மார்த்தென் மேலே வரும்போது கத்திப் பிடியால் அப்படித்தான் தட்டுவான். இன்ஜின் ஓடவில்லை, வரலாம் என்று யோப்பி மூன்று முறை பதில் தட்டுவான். போன மழைக்காலத்தில் பண்டா கடலில் இறங்கிய அண்ணன் திரும்பவில்லை... தட்டல் மட்டும் அவ்வப்போது வந்துகொண்டிருந்தது.

பதில் தட்டினால் அழைத்தவர் கூட்டிப்போய்விடுவார் என்பது அந்தத் தீவுக்காரர்களின் பயம். அதனால் யோப்பி ஒருநாளும் தட்டியதில்லை.

சற்று நேரத்தில் ஏணி ஆடியது. மழைக்கு நடுவே ஒரு தலை... முகமூடியைத் தூக்கியதும் இரண்டு பெரிய கண்கள். கொதிக்கிற கண்கள்!

"என்ன பூங், காது செவிடா? சிலிண்டர்ல காத்து தீரப் போகுது, கீழயே தொங்கிட்டு இருக்கேன்! பதில் தட்டாம எப்படி மேல வர்றது? புரொப்பெல்லர் தலையச் சீவிட்டா?"

"நோனா... நீங்க உயிரோடதானே இருக்கீங்க?" இளைஞனை 'பூங்' என்றும் இளம்பெண்ணை 'நோனா' என்றும் அழைப்பது அந்தத் தீவுகளின் வழக்கம்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா சந்தேகம்தான்!"

அவள் பெயர் மெலாத்தி. பவளப் பாறைகளில் சிக்கிக் கிடக்கும் கிழிந்த வலைகளை அறுத்தெடுப்பவள். நீரோட்டம் அவளை இந்தப் படகுவரை இழுத்து வந்திருந்தது. அவன் ஊற்றிய மீன் குழம்பைக் கூச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டாள். அண்ணன் கதையைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. அங்கேயே அவளிடம் விழுந்துவிட்டான் யோப்பி.

"சரி, அவருக்கு மூணு தட்டு. எனக்கு நாலு. குழப்பமே வேண்டாம்."

அதன்பின் தினமும் நாலு தட்டு கேட்டது. மழைநீர் பிடிக்கத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தாலும் ஓடிப்போய்ப் பதில் தட்டுவான். மனசில் இருந்ததை மட்டும் சொல்லாமல் குழம்பை ஊற்றிக் கொடுப்பான்.

"அண்ணனோட இன்னொரு சிலிண்டர் சும்மாதானே தொங்குது? நீங்களும் இறங்குங்களேன்..." என்றாள் ஒருநாள். அண்ணன் போனபின் முக்குளிப்பதையே விட்டிருந்த அவன் மறுத்தான்; அவளுக்குக் கோபம் வந்தது. "தண்ணிக்குப் பயந்த ஆளை நம்பி நான் எப்படிக் கீழ போறது?"

"நம்ப வேண்டாம். வர வேண்டாம்!"

வீம்புக்குச் சொன்னான். அவளும் வீம்புக்கு வரவில்லை. ஆனால் அதே விரிகுடாவில்தான் முக்குளித்தாள். அவள் விடும் மூச்சுக் குமிழிகள் நகர்வதை அவன் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அன்று மழையில் குமிழிகள் நகரவில்லை. ஒரே இடத்தில்...

டொக். டொக். டொக்.

மூன்றுதான். அவசரமாக, மறுபடியும் மூன்று. யோப்பி அசையாத குமிழிகளைப் பார்த்தான். கத்தியை எடுத்தான். மூன்று முறை பதில் தட்டினான். அண்ணனின் சிலிண்டரை மாட்டிக்கொண்டு குதித்தான்.

வலைக்குள் சிக்கியிருந்தாள். அறுத்து, அணைத்து, மேலே கொண்டுவந்தான்.

"நல்லவேளை, தட்டினீங்க," என்றான் மூச்சிரைக்க.

"நானா?" அவள் கண்கள் விரிந்தன. "கத்தி கீழ விழுந்துடுச்சு... கை ரெண்டும் வலைக்குள்ள. நான் உங்க படகுகிட்ட வரவே இல்லையே பூங்!"

இருவரும் காலடிப் பலகையைப் பார்த்தார்கள். சத்தமே இல்லை.

"மூணு தட்டுன்னா அண்ணன்னு தெரியும்ல? பதில் தட்டினா கூட்டிட்டுப் போயிடுவாருன்னு பயந்தீங்களே?"

"தெரியும்... அவசரத்துல ஒரு தட்டு குறைஞ்சிடுச்சோன்னு நினைச்சேன்; அண்ணனாவே இருந்தாலும் போனாப் போகட்டும்னு தோணிச்சு. கீழ நீ இருந்த, மெலாத்தி. நீ இல்லாம எனக்கு இந்தப் படகு எதுக்கு?"

முதல் முறையாக 'நீ' என்றிருந்தான். அவள் விரல்கள் அவன் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டன.

"கூட்டிட்டுத்தானே போனாரு... என்கிட்ட."