இரண்டு வாளி மிளகாயும் ஒரு நாக்கும்

அப்பாவுக்கு வந்த காய்ச்சல் பத்தாம் நாள் விட்டுப் போனது. போகும்போது அவருடைய வாசனையையும் ருசியையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மூக்கு முகத்தில்தான் இருந்தது. நாக்கும் வாயில்தான் இருந்தது. ஆனால் காபி குடித்தாலும் வெந்நீர் குடித்தாலும் அப்பாவுக்கு ஒன்றுதான்.

வேறு வேலையில் இருப்பவர் என்றால் எப்படியோ சமாளித்திருப்பார். அப்பாவோ சமையல்காரர். தொழிற்சாலை கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சமைப்பவர். அடுப்படிக்குள் நுழையும்போதே, மூடியைக்கூடத் திறக்காமல், "வெங்காயம் இன்னும் வதங்கலை" என்று சொல்லிவிடுவார்.

கேன்டீனில் அவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். "குணமானதும் வாங்க" என்றார்கள்.

முதல் வாரம் அப்பா வீட்டில் சூப் வைத்தார். அவருடைய பத்து வயது மகள் ஒரு வாய் குடித்தாள். கண் பிதுங்கியது. அவ்வளவு உப்பு!

"எப்படி இருக்கு?" என்று அப்பா கேட்டார்.

"சூப்பர்ப்பா!" என்றாள் அவள். அம்மாவும் தலையை ஆட்டினாள்.

பிறகு இருவரும் மாற்றி மாற்றித் தண்ணீர் குடித்தார்கள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். அதற்குப் பிறகு அவர் சமையலறைப் பக்கமே வரவில்லை.

மகளுக்கு வீட்டில் 'நண்டு' என்று பெயர். ஓர் இடத்தில் நிற்காமல் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதால் அந்தப் பெயர். ஆனால் அந்தப் பள்ளி விடுமுறையில் அவள் ஓடவே இல்லை. அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது எப்படி ஓடுவது?

வீட்டுக்குப் பின்னால் இருபத்து நான்கு மிளகாய்ச் செடிகள் இருந்தன. காய்ச்சலுக்கு முன்னால் அப்பாவும் நண்டுவும் சேர்ந்து வைத்தவை. பாதி இனிப்பு மிளகாய், பாதி கார மிளகாய். விதைக்கும்போது நண்டு இரண்டு பொட்டலத்தையும் ஒரே தட்டில் கொட்டிவிட்டாள். இப்போது எல்லாம் ஒன்றுபோல நீளமாக, தடிமனாக, சிவப்பாகப் பழுத்துத் தொங்கின. எது இனிப்பு, எது காரம் என்று யாருக்கும் தெரியவில்லை.

அம்மா தையற்கூடத்துக்குப் புறப்படும்போது சொன்னாள்: "நண்டு, அதையெல்லாம் பறிச்சு ஏதாவது பண்ணேன். கண்ணு முன்னாடி அழுகிப்போகுது, பார்க்கவே முடியலை."

நண்டு பறித்தாள். இரண்டு வாளி நிறைந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் இன்னும் இரண்டு வாளிக்குப் பழுத்திருந்தது.

முதலில் ஊசி நூலில் கோத்து ஜன்னலில் தொங்கவிட்டாள். காய்ந்தால் வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நான்காம் நாள் மிளகாய்களின் மேல் பஞ்சுபோல வெள்ளையாகப் பூசணம் பூத்தது.

அடுத்து, ஜாடியில் போட்டு வினிகர் ஊற்றினாள். மூன்றாம் நாள் மூடியைத் திறந்ததும் நண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். வாசனை தெரியாமல் இருப்பதும் சில நேரம் நல்லதுதான் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. உடனே அப்படி நினைத்ததற்கு அழுகை வந்தது.

எல்லாவற்றையும் குழி தோண்டிக் கொட்டினாள். அப்பாவின் அறை வாசலில் போய் நின்றாள்.

"அப்பா, ஏம்ப்பா எல்லாம் கெட்டுப்போச்சு?"

"ஈரம்" என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடியே. அவ்வளவுதான்.

அடுத்து பறித்ததையாவது ஒழுங்காகப் பிரித்துவிடலாம் என்று நண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு துளி நறுக்கி நக்கிப் பார்த்தாள். முதலாவது இனிப்பு. இரண்டாவதும் இனிப்பு. மூன்றாவது அவளைத் தூக்கிப் போட்டது. நாக்கை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு வீடெல்லாம் ஓடினாள். நீண்ட நாளைக்குப் பிறகு அன்றுதான் ஓடினாள்.

"எதுக்குடா இந்த வேலை?" என்று அப்பா எழுந்து உட்கார்ந்தார். "கொண்டா இங்க. எனக்குத்தான் எதுவும் தெரியாதே. கல்லைக் கடிச்சாலும் ஒண்ணுதான், இதைக் கடிச்சாலும் ஒண்ணுதான்."

மிச்சமிருந்த அந்த மிளகாயை வாங்கி முழுதாகக் கடித்தார். மென்றார்.

அவர் முகம் சிவந்தது. கண்ணில் நீர் வந்தது. "ஸ்ஸ்... ஆ!" என்று துள்ளி எழுந்தார்.

"எரியுது! நண்டு, எரியுது! தெரியுதுடா!"

இருவரும் சமையலறைக்கு ஓடினார்கள். அப்பா உப்பை அள்ளி வாயில் போட்டார். அப்படியே நின்றார். சர்க்கரையைப் போட்டார். எலுமிச்சையைப் பிழிந்தார். காபிப்பொடி டப்பாவுக்குள் மூக்கை நுழைத்தார்.

டப்பாவை மெதுவாக மூடி வைத்தார்.

"ஒண்ணும் இல்லை" என்றார்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் விளக்கினார்: "காரம் ருசி இல்லைங்க. அது எரிச்சல், வலி மாதிரி. அது வேற நரம்பு வழியாப் போகுது. அந்த நரம்பு உங்களுக்கு நல்லா இருக்கு."

"மத்ததெல்லாம் எப்ப வரும்?"

"வரலாம். வராமலும் போகலாம். பொய் சொல்லி உங்களை ஏமாத்த எனக்கு மனசில்லை."

வீட்டுக்கு வந்ததும் அப்பா மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது, "வலி மட்டும்தான் மிச்சம்" என்றார். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவளும் சாப்பிடவில்லை.

காலையில் நண்டு அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். டாக்டரம்மா சொன்னது அவள் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

"அப்பா, அன்னைக்கு வச்ச சூப் ஒரே உப்பு. நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும். நாலு டம்ளர் தண்ணி குடிச்சியே."

"இனிமே சொல்ல மாட்டேன். நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னுதான் சொல்வேன். உப்பு, புளிப்பு, வாசனை எல்லாம் நான் பார்த்துச் சொல்றேன். காரம் மட்டும் நீங்க பாருங்க. எனக்கு ஒண்ணைக் கடிச்சாலே உயிர் போகுது."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போடா. என்னால முடியாது."

நண்டு எழுந்து போனாள். தனியாகவே மிளகாயை நறுக்கத் தொடங்கினாள். அழுகை வந்தது. அதே கையால் கண்ணைத் துடைத்தாள்.

அவள் போட்ட கத்தலில் அப்பா ஓடி வந்தார். அவளை அப்படியே தூக்கிக் குழாயடியில் நிறுத்தி, கண்ணில் தண்ணீரை வாரி வாரி அடித்தார். எரிச்சல் அடங்கும்வரை விடவில்லை. பிறகு அவள் கைகளில் எண்ணெய் தேய்த்துச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

"மிளகாய்க் கையைக் கண்ணுல வைப்பாங்களா யாராவது?" என்று கத்தினார். கத்திக்கொண்டே திரும்பியவர் சமையலறையைப் பார்த்தார். ஈரம் சொட்டும் ஜாடிகள். மழுங்கிய கத்தி. ஒன்று பெரிது, ஒன்று சிறிதாக நறுக்கிய மிளகாய்.

அப்பாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இதுதான் ஜாடி கழுவுற லட்சணமா? தள்ளு."

பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. ஜாடிகளும் மூடிகளும் அதில் கிடந்து கடகடவென்று ஆடின. எடுத்துச் சுத்தமான துணியில் கவிழ்த்து, ஈரம் போகும்வரை காயவைத்தார்கள். அப்பா ஒவ்வொரு மிளகாயிலும் ஒரு துளி நறுக்கிக் கடித்துத் துப்பினார். எரிந்தால் இடது பக்கம். எரியாவிட்டால் வலது பக்கம். அரை மணிநேரத்தில் அவர் உதடு வீங்கி இரண்டு மடங்கானது. நண்டுவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

இனிப்பு மிளகாய்களை அடுப்புத் தீயில் நேராக வைத்துச் சுட்டார்கள். தோல் கருகிக் கொப்பளித்தது. சூட்டோடு பாத்திரத்தில் போட்டு மூடினார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் கருகிய தோல் சட்டைபோலக் கழன்று வந்தது.

அப்பா ஒன்றை எடுத்தார். பழக்க தோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுப்பில் வினிகர் சூடாகிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?" என்று அப்பா மெல்லக் கேட்டார். "வாசனை... எப்படி இருக்குன்னு சொல்லு."

நண்டு கண்ணை மூடி நன்றாக இழுத்தாள்.

"விறகு எரிஞ்சு முடிஞ்ச மாதிரி. அதுக்கு அடியில சர்க்கரை லேசாக் கருகின மாதிரி. கசப்பா இல்லை."

"பச்சை வாசனை அடிக்குதா?"

மறுபடி இழுத்தாள். "இல்லைப்பா."

"அப்போ பதமா இருக்கு" என்று அப்பா எழுந்தார்.

வினிகரில் உப்பும் சர்க்கரையும் கலந்து, ஆறியதும் ஒரு ஸ்பூன் கொடுத்தார். நண்டு சுவைத்தாள். அப்பா அவள் முகத்தையே பார்த்தார்.

"நல்லா இல்லைப்பா. பல்லு கூசுது."

அப்பா கோபப்படவில்லை. இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டார். "இப்போ?"

"கிட்ட வந்திருச்சு. உப்பு பத்தலை."

மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. அதைக் கொதிக்கவிட்டு, மிளகாய் அடுக்கிய ஜாடிகளில் விளிம்புக்குக் கொஞ்சம் கீழேவரை ஊற்றி மூடினார்கள். மொத்தம் ஆறு ஜாடி. கார மிளகாய்களை நீளவாக்கில் கீறி, ஓவன் அடுப்பின் மிதமான சூட்டில் காயவைத்தார்கள். ஈரம் ஒரு துளியும் இல்லை என்று அப்பா ஒவ்வொன்றையும் ஒடித்துப் பார்த்தார்.

சாயங்காலம் அம்மா வந்தாள். கையில் கேன்டீனிலிருந்து வந்த கடிதம் இருந்தது. அதைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று வாசலிலேயே தயங்கி நின்றாள். அப்பாவே வாங்கிப் படித்தார். அவருடைய இடத்தில் வேறொருவரை நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள்.

அப்பா கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்தார். வெகுநேரம் ஜன்னலோரம் நின்றார். ஆனால் சாப்பாட்டுத் தட்டைத் திருப்பி அனுப்பவில்லை.

மறுநாள் காலை நண்டுவின் போர்வையை யாரோ இழுத்தார்கள். கண்ணைத் திறந்தால் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"எழுந்திரு நண்டு. ராத்திரியோட இன்னும் ரெண்டு வாளி பழுத்திருக்கு. சீக்கிரம் பல்லைத் தேய். உன் நாக்கு இல்லாம என்னால ஆரம்பிக்க முடியாது."