பாத்திக்கு அடியில்

"நீங்க செஞ்ச எலிவிரட்டி கொஞ்ச நேரம் கத்துது, அப்புறம் அதவிட ரொம்ப நேரம் சும்மா கெடக்குது, அத்தான்."

"கெடக்காது."

"நான் என் காதால..."

"உன் காது என்ன அளவுகோலாடா? மின்தேக்கி ரெண்டு தடையத் தாண்டி நிரம்புது, ஒரே தடையத் தாண்டி வடியுது. நிரம்ப நேரமாகும், வடிய ஆகாது. நிரம்பும்போது சத்தம், வடியும்போது அமைதி. அப்ப எது நீளம்?"

விளாய்கோ காதைச் சொறிந்தான். மனைவியின் தம்பி என்ற ஒரே தகுதியில் இத்தனை வருடமாகத் தன் பொறுமையைத் தின்று கொழுத்தவன் என்று லூபென் அவனைப் பார்த்தார். தொழிற்பள்ளியில் மின்னணுப் பாடம் நடத்துபவர் அவர். மடையர்களை மணம் பிடித்தே கண்டுவிடுவார்.

"என் தம்பிய ஏசாதீங்க!" என்று சமையலறையிலிருந்து ருமியானா கத்தினாள். தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். மிளகாய் சுடும் புகை அவள் குரலோடு சேர்ந்து வெளியே வந்தது.

உருளைக்கிழங்குப் பாத்தியைக் குருட்டு நாய் தின்கிறது என்பதுதான் விளாய்கோவின் புலம்பல். கண்ணே இல்லாத அந்தக் கொழுத்த மண்ணெலிக்கு இந்த மலைப்பக்கத்தில் அதுதான் பெயர். கம்பிகளில் காலி பாட்டில்களைக் கவிழ்த்து வைத்தான், காற்றில் கடகடக்கட்டும் என்று. டீசலில் நனைத்த கந்தலைப் புதைத்தான். எலி அதன்பாட்டுக்குத் தின்றது. கடைசியில் லூபெனே இரங்கி வந்து, எட்டுக்கால் டைமர் சிப் ஒன்று, இரண்டு தடை, ஒரு மின்தேக்கி, ஒரு சிவப்பு விளக்கு என்று பெட்டிக்குள் பற்றவைத்துக் கொடுத்தார். மின்சாரம் ஏறும், நிற்கும், சட்டென்று விழும், நிற்கும். சதுர அலை. அது ஏறி நிற்கும்வரை விளக்கு எரியும், மண்ணுக்குள் மிளகாய்த்தொக்கு ஜாடியில் அடைத்த பஸ்ஸர் உறுமும். பெட்டியிலிருந்து ஜாடிக்குப் பட்டாளத்துத் தொலைபேசி வயரை வேறு போட்டிருந்தார். எஃகு இழை கலந்தது, யானை இழுத்தாலும் அறாது. பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற வேலை. அதையும் கேட்கத் தெரியவில்லை இவனுக்கு.

"பெட்டிகிட்ட நில்லு. விளக்கு எரியறவரைக்கும் 'எரியுது'ன்னு சொல்லு. அதாவது வருமா?"

மலை முழுக்க அடியில் ஓடும் நிலக்கரிச் சுரங்கத்தைத் தாத்தாக்கள் காலத்திலேயே மூடிவிட்டார்கள். வீட்டுச் சுவர் விரிசல் விட்டால் பூசிவிட்டுப் போவார்களே தவிர, அதைப் பற்றியோ உள்ளே போய்த் திரும்பாதவர்களைப் பற்றியோ யாரும் பேசுவதில்லை. பனிமூட்டம் சரிவிலிருந்து இறங்கி, அவரைக்கொடிகளை மறைத்து, கம்பிகளின் மேலிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாய் விழுங்கிக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலத்தில், முழங்கால் துணியில் ஈரம் ஊற, இப்படி மண்டியிட வைத்துவிட்டானே என்ற எரிச்சலோடு லூபென் பாத்தியில் காதை வைத்தார்.

உறுமல் கேட்டது.

"எரியுது," என்றான் விளாய்கோ. "எரியுது."

உறுமல் நின்றது.

"எரியுது, அத்தான். இன்னும் எரியுது."

நின்றது என்றும் சொல்ல முடியாது. அழுகிற குழந்தையின் வாயை யாரோ உள்ளங்கையால் பொத்தினால் அதற்குப் பின்னால் ஒரு முனகல் மிஞ்சுமே, அப்படி மிஞ்சியது.

"அணஞ்சிருச்சு."

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "மண்ணு சரிஞ்சு ஜாடிய மூடியிருக்கு. வேற ஒண்ணுமில்ல."

அப்போது படிக்கட்டோரம் சுருட்டி வைத்திருந்த வயரிலிருந்து ஒரு சுற்று அவிழ்ந்து விழுந்தது. காற்று இல்லை. இன்னொரு சுற்று. வயர் புல்லின் மேல் நிதானமாக ஊர்ந்து பாத்திக்குள் இறங்கியது.

"பார்த்தியா? உன் நாய் என் ஜாடியக் களவாடுது. தோண்டு."

விளாய்கோ மண்வெட்டியை ஓங்கி வெட்டினான். நாலாவது வெட்டிலேயே மண் உள்ளே சரிந்தது. ஓர் ஆள் நுழையலாம். சுவர் வழவழவென்று இருந்தது, பலர் உரசி உரசித் தேய்ந்ததுபோல. உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. நிலக்கரி நெடி. அதற்கும் அடியில் வியர்வை. எலியின் வாடை அல்ல. வேலை முடிந்து குளிக்காத ஆட்களின் வாடை.

லூபென் ஓரடி பின்வாங்கினார். பயம் என்று அதற்குப் பெயர் வைக்க அவர் தயாராக இல்லை.

"இது எலி வளை இல்ல, அத்தான்."

"பின்ன என்ன, மெட்ரோவா? இறங்கி எடுடா. கையப் புடிச்சுக்க அக்காவக் கூப்பிடட்டுமா?"

விளாய்கோவின் காது சிவந்தது. குப்புறப் படுத்தான். தலை போனது. தோள் போனது. இடுப்பில் ஒருகணம் நின்றான்.

"அத்தான், ஜாடிய யாரோ..."

பூட்ஸ் இரண்டும் உள்ளே போயின. அவன் தவழ்ந்து போகவில்லை. வழுக்கிப் போனான்.

"விளாய்கோ!"

வயர் ஓடியது. சரசரவென்று. நின்றது.

"டேய்! விளையாடாதே!"

வெகு ஆழத்தில் உறுமல். அமைதி. அது நீண்டது. பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பிறகு வயர் விறைத்தது. மறுமுனையைக் கட்டியிருந்த வராந்தாத் தூண் கிறீச்சிட்டது. ஓர் இழுப்பு. சற்றுக் கீழே, இன்னொன்று. அதற்கும் கீழே. கைக்கு மேல் கை. எடைக்குக் கீழ் எடை. ஒரு மனிதனின் எடை இல்லை. தூணின் ஆணிகள் மரத்தை விட்டு நகர்ந்தன.

லூபென் பையிலிருந்து வெட்டுக்குறடு ஒன்றை எடுத்தார். வயரின் மேல் வைத்தார். அறுத்தால் ருமியானாவின் தம்பி கீழே. அறுக்காவிட்டால்?

குழியின் விளிம்பில் ஒரு கை முளைத்தது. கரிய கை. விரல்களில் நகம் இல்லை. அதன் மணிக்கட்டைக் கீழிருந்து இன்னொரு கை பற்றியிருந்தது. அதை இன்னொன்று.

அவற்றுக்கெல்லாம் அடியிலிருந்து விளாய்கோவின் குரல் வந்தது, மூச்சு வாங்காமல், ரொம்பப் பணிவாக.

"அத்தான், வயர அறுத்துடாதீங்க. அதப் புடிச்சுத்தான் இவங்க எல்லாரும் மேல வராங்க. நான் கடைசியில இருக்கேன். எல்லாரும் வந்து முடியறவரைக்கும் கொஞ்சம் புடிச்சுக்குங்க."