பெரியவளின் பிரதி

அந்த வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தது மதிய வேளையில். கதவு திறந்ததும் தைலமும் ஈரத் துணியும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. பெரியவள் இறந்து ஒரு மாதமாகிவிட்டது. அவள் படுத்திருந்த மெத்தையின் விரிப்பை இன்னும் யாரும் மாற்றவில்லை. அதன் நடுவில் ஒரு பழுப்புப் பள்ளம். அந்தப் பள்ளத்திலேயே உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவள் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் பாட்டுப் பதிவும் மிக்சிங்கும் செய்பவள். இந்த வீட்டில் என் பெயர் "காது". சின்னவள் ஊரறிந்த பாடகி. அவள் பாடிய மெட்டெல்லாம் அவளுடைய அக்கா பெரியவள் போட்டது. பெரியவளின் கணவர்தான் மேனேஜர்.

புதுப் பாட்டுக்கு முதலில் பெரியவள் டிராக் பாடுவாள். அதைக் கேட்டுப் பழகிச் சின்னவள் பாடி முடித்ததும் டிராக்கை அழித்துவிடுவோம். கடைசிப் பாட்டுக்கான டிராக்கை இதே அறையில், இதே மெத்தையில் சாய்ந்துகொண்டுதான் பாடினாள். நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. வரிக்கு வரி மூச்சுக்குத் தவித்தாள்.

"நீ பாடுனதும் இத அழிச்சிரு. நான் இப்படித் திணறுறத யாரும் கேக்கக் கூடாது" என்று தங்கையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அவள் போனபிறகு சின்னவளுக்குப் பாட வாய் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் அந்த டிராக் இணையத்தில் கசிந்துவிட்டது.

ஜனங்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் தெரியுமா? திணறலை மட்டும் வெட்டியெடுத்து, மூச்சிரைக்க ஓடும் நாயின் வீடியோவில் ஒட்டினார்கள். சிலர் ரிங்டோனாக வைத்துக்கொண்டார்கள். சாகப்போகிறவளின் மூச்சு பேருந்தில் என் பின்சீட்டுக்காரன் பாக்கெட்டில் ஒலித்தது. அவன் எடுத்துப் பேசிவிட்டுச் சிரித்தான்.

சின்னவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "எடுக்கச் சொல்லி எழுதியாச்சு காது. ஒரு எடத்துல எடுத்தா வேற எடத்துல போடுறாங்க."

"பத்து எடத்துல மொளைக்கும். அதெல்லாம் வீண் வேலை" என்றார் மேனேஜர், வாயில் சோற்றோடு. "கசிஞ்சது கசிஞ்சு போச்சு. இதையே கொஞ்சம் சுத்தம் பண்ணி நாமளே வெளியிடுவோம். என்னம்மா காது, முடியுமில்ல?"

"அக்கா வேணாம்னு சொன்னா அத்தான்."

"அவ எங்கம்மா இருக்கா இப்ப?"

நான் வந்தது வேறொன்று சொல்ல. வெளியாகாத பாட்டை யாருக்குக் கொடுத்தாலும், அந்தப் பிரதியின் கடைசியில் காதுக்கு எட்டாத அளவில் ஒரு சிறு ஒலியைப் புதைத்துவைப்பது என் வழக்கம். கசிந்தால் யாருடைய பிரதி என்று அதுவே காட்டிக்கொடுக்கும். சின்னவளுக்குப் பென்சில் தட்டல். மேனேஜருக்கு விரல் சொடுக்கு. பெரியவள் தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்கினாள். மருந்து கலக்கும்போது கரண்டி கண்ணாடி டம்ளரில் படும் சத்தம். கடைசி டிராக்கை அக்கா தங்கை இருவருக்கு மட்டும்தான் கொடுத்திருந்தேன்.

"கசிஞ்சது பெரியவளோட பிரதி" என்றேன்.

சின்னவள் நிமிர்ந்தாள். "அது அவ போன்ல மட்டும்தான இருந்துச்சு? அவ கைரேகை இல்லாம தெறக்காதே."

மேனேஜர் கட்டைவிரலை நக்கி, விரிப்பில் துடைத்தார்.

"அவளத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி அவ விரல வெச்சுப் பாத்தேன். விரல் சில்லுனு இருந்துச்சு, தேய்ச்சுத் தேய்ச்சு வெச்சப்புறம்தான் தெறந்துச்சு. நான் அவ புருஷன்மா, அதுல என்ன தப்பு? நீ பாடாம சும்மா கெடந்த. இப்ப ஊரே உன் பேரச் சொல்லுது."

அந்த மனிதர் தொட்ட கதவைத் தொட்டோமே என்று என் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

சின்னவள் அழவில்லை. "மைக்க போடு காது. இப்பவே பாடுறேன்."

சன்னலை அடைத்தோம். அறை இருட்டியது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அவள் பாடினாள். குரல் சுத்தமாக வந்தது. பெரியவள் திணறிய இடம் வந்தபோது அவள் உதடுகளை மூடிக்கொண்டு நின்றாள்.

ஹெட்போனில் ஒரு மூச்சு கேட்டது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். சின்னவளின் வாய் மூடியே இருந்தது.

மறுபடியும் மூச்சு. மெத்தைப் பக்கத்திலிருந்து. தைல வாடை தொண்டையில் இறங்கியது.

மேனேஜர் அசையாமல் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் விரிப்பு மெல்ல அமுங்கியது.

பாட்டு முடிந்தது.

கிணிங்.

அறையில் டம்ளர் எதுவும் இல்லை.

அன்று மாலையே சின்னவள் தன் பாட்டை வெளியிட்டாள். கூடவே எழுதினாள்: "பாட்டு இதுதான். மற்றது என் அக்காவின் மூச்சு. தயவுசெய்து அழித்துவிடுங்கள்." சிலர் அழித்தார்கள். நாய் வீடியோக்காரர்கள் அழிக்கவில்லை. அவர்களுக்கு எதைச் சொன்னாலும் சுரணை வராது.

சில நாள் கழித்து, முதலில் டிராக் கசிந்த அதே இணையக் கணக்கில் புதிதாக ஒன்று வந்தது. அதில் பாட்டில்லை. ஒரு ஆண் தூங்கும் குறட்டை. அது மெதுவாகத் திணறலாக மாறியது. பிறகு கெஞ்சல், "விரல விடு... விரல விடு..." குரல் மேனேஜருடையது. ஒலியைக் கூட்டிக் கடைசிவரை கேட்டேன். கரண்டி டம்ளரில் பட்டது.

அதற்குள் அதையும் நாய்க்கு ஒட்டிவிட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் பெரியவளின் எண். எடுத்தேன்.

"அத எடுக்கச் சொல்லும்மா. நான் போடல" என்றார் மேனேஜர். மூச்சு இரைத்தது.

"பத்து எடத்துல மொளைக்கும் சார். நீங்க சொன்னதுதான். ஏன் அவ போன்லருந்து பேசுறீங்க?"

மறுமுனையில் எதையோ தேய்க்கும் சத்தம் கேட்டது.

"என் விரல வெச்சா என் போன் தெறக்க மாட்டேங்குது. விரல் சில்லுனு கெடக்கு, எவ்வளவு தேய்ச்சாலும் சூடு ஏறல." குரல் இறங்கியது. "அவ போன் மட்டும் தெறக்குது."

அவருக்குப் பின்னால் யாரோ நிதானமாக மருந்து கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பக்கத்துல யார் சார்?"

"யாருமில்லையே. நான் மட்டும்தான் இருக்கேன்."

கிணிங்.