கழித்தல் குறி

பதிவு மறுபடியும் நிறுத்தப்பட்டிருந்தது.

அவள் கருப்புத் திரையில் கட்டளையைத் தட்டி, வந்த பதிலை இரண்டு முறை படித்தாள். பதிவு நிலை: ஆஃப். நேற்று அவளே தன் கையால் 'எல்லாவற்றையும் எழுது' என்று வைத்துவிட்டுத்தான் எழுந்திருந்தாள். ஊர்ப்பட்ட கம்பெனிகளின் நெட்வொர்க்கை வீட்டில் உட்கார்ந்தபடியே மேய்க்கிற பிழைப்பு அவளுடையது. ஆனால் சொந்த வீட்டு வைஃபை பெட்டி, யார் வந்து சேர்ந்தார்கள், எப்போது போனார்கள் என்று எழுதி வைக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறது. அது தானாகப் பொத்திக்கொள்ளாது. யாரோ பொத்துகிறார்கள்.

கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி அவள். இன்னொருவர் அவள் கணவர்; மருந்துக் கடை வேலையிலிருந்து இப்போதுதான் திரும்பி, குளியலறையில் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

எல்லாம் அந்தப் பெயரில்லாத கருவியால் வந்த வினை. வைஃபையில் சேர்ந்திருப்பவற்றின் வரிசையில் அவள் போன், அவர் போன், அவள் கம்ப்யூட்டர், டிவி என்று இருக்க, கடைசியில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காலியாக ஒன்று இருந்தது. அவர் வீட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அதுவும் வந்து சேரும். இன்னொரு போன் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு ஆறவில்லை. இவருக்கு வேறொருத்தி இருப்பது உண்மையானால் உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லியாகிவிட்டது. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சூட்கேஸ் தயாராக நின்றது.

இன்று விடப்போவதில்லை. எல்லாவற்றையும் எழுதச் சொன்னால் திரையில் வெள்ளமாகக் கொட்டுகிறது என்று, வைஃபை சங்கதிகளை மட்டும் எழுது, அதை ஒன்று விடாமல் எழுது, எழுத எழுதத் திரையிலும் காட்டு என்று கட்டளையைத் திருத்தினாள். இப்போது அந்தப் பெயரில்லாததன் சிக்னல் எவ்வளவு என்பது வரி வரியாக வரும். பேட்டரியில் ஓடுகிற பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்தால், ஒளித்து வைத்த போன் காட்டிக் கொடுத்துவிடும். முகம் துடைத்துக்கொண்டு வந்தவரிடம், ஹாலில் கம்ப்யூட்டர் முன்னாலிருந்த நாற்காலியைக் காட்டினாள்.

"இங்க உட்காருங்க. கடைசி வரியில வர்ற நம்பரை மட்டும் சத்தமா படிங்க. வேற எதையும் தொடாதீங்க."

"திருடனைப் பிடிக்கப் போறியா, என்னைப் பிடிக்கப் போறியா?"

"படிங்க."

"எண்பத்தஞ்சு. முன்னாடி ஒரு கோடு இருக்கு."

அந்தக் கோடுதான் கழித்தல் குறி. மைனஸ் தொண்ணூறு என்றால் தெருமுனை, மைனஸ் முப்பது என்றால் கைக்கெட்டும் தூரம். கோட்டுக்கு அப்புறமுள்ள எண் குறையக் குறைய ஆள் கிட்டே வருகிறான் என்று அர்த்தம். எத்தனை தடவை சொல்லியும் அது அவர் மண்டையில் ஏறியதில்லை. குறைந்தால் சிக்னல் தேய்ந்து தூரமாகப் போகிறது என்றே நினைப்பார். அதுவும் நல்லதுதான், ஏமாற்றத் தெரியாது என்று எண்ணிக்கொண்டாள்.

நடைவழியில் விளக்கைப் போடவில்லை. மேகம் மூடிய சாயங்காலம், ஜன்னல் தகரத்தில் மழை தட்டுகிற சத்தம், சமையலறையில் ஃப்ரிட்ஜின் முனகல், அதற்கெல்லாம் கீழே, துவைக்காமல் மூலையில் போட்ட ஈரத்துண்டின் வாடை ஒன்று அவள் கூடவே வந்தது.

"எழுபத்தஞ்சு," என்றார் ஹாலிலிருந்து.

படுக்கையறைக்குள் நுழைந்தாள்.

"எழுபது."

அகப்பட்டுக்கொண்டாய் என்று நினைத்தாள். பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு அவர் அலமாரியைத் திறந்து, தொங்கிய சட்டைகளின் பைகளையெல்லாம் துழாவினாள். ஒரு பேனா, ஒரு பஸ் டிக்கெட், வேறொன்றுமில்லை. பெட்டியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அறுபது. குறையுதும்மா. தூரமா போற போல."

"நான் நகரல."

"ஐம்பத்தஞ்சு."

"பொய் சொல்லாதீங்க."

"கண்ணு முன்னாடி இருக்கறதத்தானே படிக்கிறேன்."

வாசல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஹாலில் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார், இரண்டு கைகளும் மடியில், முகத்தில் திரை வெளிச்சம், மருத்துவர் சீட்டைப் படிக்கிற அதே கவனம். அவரும் நகரவில்லை, அவளும் நகரவில்லை, அது மட்டும் கிட்டே வருகிறது என்றால் போன் அவரிடம் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அவ்வளவு நாள் அந்த மனிதனைக் கரித்துக் கொட்டியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது, சூட்கேஸைப் பிரித்துவிட வேண்டும் என்று தோன்றியது.

அப்படியானால் பதிவை நிறுத்தியது யார்?

"நாப்பத்தஞ்சு."

ஈர வாடை அடர்ந்தது. அலமாரிக்குள் ஒரு ஹேங்கர் மெல்ல ஆடி, பக்கத்து ஹேங்கரில் இடித்து நின்றது.

"நாப்பது. நல்லவேளை, அது போயிட்டிருக்கு."

ஏங்க என்று கூப்பிட வாயெடுத்தாள். சத்தம் போட்டால் அதற்கும் கேட்கும் என்று மூடிக்கொண்டாள். ஓடிவிடலாம். வாசல் நாலடிதான். ஆனால் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாமல் எங்கே ஓடுவது?

"முப்பது."

ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. மழை கேட்கவில்லை.

"இருபது."

பிடரியில் சில்லென்று ஏதோ. மூச்சு இல்லை. மூச்சே இல்லாத ஏதோ ஒன்று.

"இதென்ன, நின்னுடுச்சு. பதிவு நிலை ஆஃப்னு வருது. நீயா நிறுத்தின?"

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு கைகளும் பெட்டிக்கு அடியில் இருந்தன. மேலே நான்கு பச்சை விளக்குகள். முதல் விளக்கு மறைந்தது. அணையவில்லை. எதுவோ மூடியிருந்தது, ஓரத்தில் பச்சை கசிந்தது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது.

"அது போயிடுச்சும்மா," என்று ஹாலிலிருந்து அவர் சொன்னார். "பெட்டியை வெச்சுட்டு வா."

நான்காவது விளக்கு மட்டும் மிச்சமிருந்தது. அதன் பச்சை வெளிச்சத்தில், அவள் தோளுக்கு மேலாக நீண்டு வந்த விரல்களின் மூன்று நகங்கள் ஈரமாகத் தெரிந்தன.