வெட்டிய பிறகும் விரல் இருந்தது

வெட்டித் தள்ளிய பிறகும் படத்தின் ஓரத்தில் ஒரு சின்ன விரல் மிச்சமிருந்தது.

முத்துச்செல்வி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். நாளைக்குப் புருஷன் முகேஷுக்கு முதல் தெவசம். பேரையூர் ரோட்டில் பைக்கோடு போய்ச் சேர்ந்த மனுஷன். அன்றைக்கு அவசரத்தில் ‘போயிட்டு வாரேன்’ என்றுகூடச் சொல்லாமல், ‘போறேன்’ என்று கிளம்பியவன். முகம் தெளிவாக இருக்கிற படம் இது ஒன்றுதான். அதிலும் மகள் ஆர்த்திகா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மாலை போடப்போகிற படத்தில் உயிரோடிருக்கிற பிள்ளை நிற்கலாமா? அதனால் மத்தியானமே பிள்ளையை மட்டும் வெட்டிவிட்டாள்.

சாயங்காலம் ஸ்டுடியோ பாண்டிராஜ் போன் செய்தான்.

“யக்கா, ஐபோன் படம் நம்ம சிஸ்டத்துல தெறக்க மாட்டேங்குது. நெட்ல ஓசியா மாத்திக் குடுக்குற சைட்டு எம்புட்டோ கெடக்கு. ஜேபிஜியா மாத்தி அனுப்புங்க, காலையில ஃப்ரேம் போட்டுத் தாரேன்.”

ஏதோ ஒரு சைட்டில் படத்தை ஏற்றினாள். பச்சைக் கோடு ஊர்ந்து முடிந்தது. இறக்கிப் பார்த்தால் அவன் உள்ளங்கையில் அந்த விரல். வெட்டினாலும் பழைய படம் போனுக்குள்ளேயே ஒளிந்திருக்குமாம், யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படித்தான் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு இன்னும் உள்ளே தள்ளி வெட்டி, மறுபடி ஏற்றினாள்.

பழங்காநத்தம் தெருவில் விளக்கு வைக்கிற நேரம். மினி பஸ் ஹாரனும், எதிர்வீட்டுக் குக்கர் விசிலும், மாட்டுத்தாவணியில் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்த பூவின் மணமும் கலந்து அறைக்குள் புழுக்கமாக நிற்க, ஹாலில் ஆர்த்திகா ஓடி ஓடி விளையாடுகிற கொலுசுச் சத்தம் மட்டும் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

கோடு முடிந்தது. இப்போது முழங்கை வரைக்கும் கை. அதில் ஆர்த்திகாவின் பாசிமணி வளையல்.

கொலுசுச் சத்தம் கொஞ்சம் தள்ளிக் கேட்டது, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடுவதுபோல.

“பாப்பா, என்னடி செய்யிற?”

“வெளாடுறேன்மா.” கிணத்துக்குள்ளிருந்து பேசினமாதிரி இருந்தது.

எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தாள். ஆனாலும் விடியக்காலையில் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள், படமில்லாமல் எதற்கு மாலை போடுவது? கழுத்துக்குக் கீழே மொத்தத்தையும் வெட்டி, அவன் முகத்தை மட்டும் விட்டு ஏற்றினாள். இனி எந்தக் கை வரும், பார்த்துவிடலாம்.

முழு ஆளாக வந்தான். பக்கத்தில் பாதிப் பிள்ளை. தோள். காது. ஒரு கண்.

எடுத்த அன்றைக்குச் சிவப்புப் பாவாடை. இதில் மஞ்சள் கவுன். மத்தியானம் ரசம் சிந்திய கறையோடு. இன்றைக்குப் போட்ட கவுன்.

அய்யோ, என் பிள்ளை.

படத்தை அழித்தாள். சைட்டை மூடப் பார்த்தாள். அது மூடவில்லை. அவள் தொடாமலே பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. பாதி. முக்கால்.

ஹாலுக்கு ஓடினாள்.

ஆர்த்திகா வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். ஒரு கை தலைக்கு மேலே தூக்கியிருந்தது. விரல்கள் வெறும் காற்றை இறுக்கிப் பிடித்திருந்தன. அடியெடுத்து வைக்க வைக்கக் கொலுசின் மணிகள் ஆடின.

சத்தம் இல்லை.

“ஆர்த்தி! நில்லுடி!”

திரும்பவில்லை. கொலுசு இப்போது முத்துச்செல்வியின் கையில் இருந்த போனுக்குள் கேட்டது. தெளிவாக. கூடவே, கனத்த செருப்புச் சத்தம்.

கோடு முடிந்தது.

“போறேன்மா” என்றது போன், ஆர்த்திகாவின் குரலில்.

பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், கதவின் மேல் தாழ்ப்பாள் மெல்ல இறங்கியது.