கேரன் வைத்த பெயர்

பன்னிரண்டு பிள்ளைகள் வேனில் இருந்தார்கள். கேரன் அந்தப் பெயரைச் சொன்னபோது பதினோரு பேர் சிரித்தார்கள். சிரிக்காதவள் தினேஸ்வரி மட்டும்தான்.

அது ஒரு வியாழக்கிழமை. பள்ளி முடிந்து, சன்னாசி அங்கிளின் வேன் சுங்கை சிப்புட் பட்டணத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது வரிசை வரிசையாக வீடுகள் வந்துவிட்ட தாமான் என்னும் குடியிருப்பில்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் வீடு. வழியில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரி ஒன்று சாலையை மறித்துச் சாய்ந்து கிடந்தது. மழை வேறு. முக்கால் மணி நேரம் வேன் ஓர் அடிகூட நகரவில்லை.

மூன்றாம் ஆண்டில் படிக்கும் தினேஸ்வரி கால்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வேன் மெல்ல நகர்ந்தபோது அவளுடைய இருக்கை நனைந்திருந்தது.

"ஐயே! கீழ என்ன தண்ணி?" என்று விக்னேஸ்வரன் காலைத் தூக்கினான்.

கேரன் ஐந்தாம் ஆண்டு. பேச்சில் கெட்டிக்காரி. மலாய் மொழியில் 'சுங்கை' என்றால் ஆறு. சட்டென்று அவள் வாயில் வந்துவிட்டது.

"நம்ம ஊரு சுங்கை சிப்புட். இது சுங்கை தினேஸ்வரி லா!"

வேனே குலுங்கியது. கேரனும் சிரித்தாள். எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்த்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மறுநாள் அந்தப் பெயர் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. "சுங்கை வருது, தள்ளி நில்லு!" என்று சிற்றுண்டிச் சாலையில் கத்தினார்கள். பாடத்தில் ஊர்ப் பெயர் வந்தாலே மூன்றாம் ஆண்டு வகுப்பில் கிசுகிசுப்பு. கேரன் மறுபடி அதைச் சொல்லவில்லை. சொன்னவர்களை வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை விளையாட்டுப் பயிற்சியின்போது தினேஸ்வரி திடலில் மயங்கி விழுந்தாள்.

நவமணி டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினார். "கேரன், அவ பையக் கொண்டா!"

கேரன் பையைத் தூக்கினாள். கனத்தது. உள்ளே தண்ணீர்ப் புட்டி கழுத்து வரை நிறைந்திருந்தது.

"காலையிலேருந்து தண்ணியே குடிக்கலையாம்மா?" என்று டீச்சர் கேட்டார்.

"குடிச்சா வரும் டீச்சர்."

"என்ன வரும்?"

தினேஸ்வரி ஒரே ஒரு தடவை கேரனைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. கேரனுக்குப் புரிந்தது.

கொஞ்ச நேரத்தில் தினேஸ்வரியின் அம்மா கலாதேவி, கையுறைத் தொழிற்சாலைச் சீருடையோடு வந்து சேர்ந்தார். மகளை மடியில் சாய்த்துக்கொண்டு, கேரனின் கையைப் பிடித்தார்.

"நீ பக்கத்துல இருந்தியாம்மா? நல்லதாப் போச்சு. வேன்ல அவளுக்குத் தொணையா நீ இருக்கேன்னுதான் நான் பயப்படாம வேலைக்குப் போறேன்."

கேரனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து மறைக்கல்வி வகுப்பு. பாடம் நடத்தும் ரோசரி அக்கா பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்னார்.

"ஸ்கூல்ல ஒரு சின்னப் பொண்ணு மயங்கி விழுந்துட்டாளாம். அவளுக்காக செபிப்போம். கேரன், நீ அந்தப் பொண்ணோட வேன்லதானே போற? நீயே சொல்லு."

கேரன் கைகளைக் கூப்பினாள். செபம் அவளுக்கு எப்போதும் சரளமாக வரும்.

"இயேசுவே, தினேஸ்வரிய..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. அவளை இப்படி ஆக்கியது நான்தானே? அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் இங்கே வந்து எதைக் கேட்பது?

"எனக்கு வரலக்கா," என்று உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பா லூர்துசாமியிடம், "தினேஸ்வரி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களாப்பா?" என்று கேட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்தார். அந்த வீட்டு வாசலில், "நானும் உள்ள வரவா?" என்று கேட்டார்.

"வேணாம்ப்பா. நான்தான் சொல்லணும்."

கலாதேவி கதவைத் திறந்தார். "அடடே, வாம்மா!"

"ஆண்டி, அந்தப் பேர வச்சது நான்தான்."

"எந்தப் பேரு?"

அவருக்கு எதுவுமே தெரியாது! தினேஸ்வரி வீட்டில் வாயே திறக்கவில்லை. கேரன் முதலிலிருந்து சொன்னாள். லாரி, மழை, நனைந்த இருக்கை, தான் சொன்ன பெயர், எல்லாரும் சிரித்தது, தானும் சிரித்தது. எதையும் மறைக்கவில்லை.

கலாதேவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வாரமா ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு அழுதா. சோம்பேறின்னு நான் அவளத் திட்டுனேன்," என்றார். குரல் உடைந்திருந்தது.

அறையின் திரைச்சீலைக்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன.

"தினேஸ், நான் செஞ்சது ரொம்பத் தப்பு. என்னை மன்னிச்சிரு," என்றாள் கேரன்.

பாதங்கள் உள்ளே போயின.

"போயிட்டு வாம்மா," என்றார் கலாதேவி. அவர் கோபப்படவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை.

வீடு வரும் வரை கேரன் அப்பாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை தினேஸ்வரி பள்ளிக்கு வரவில்லை. வேனில் அவளுடைய இருக்கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நாளாகியும் வேறு யாரும் அதில் உட்காருவதில்லை. கேரன் அதில் போய் உட்கார்ந்தாள். பிறகு எல்லாரையும் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பேர நான்தான் வச்சேன். வச்சிருக்கக் கூடாது. இனிமே யாரும் சொல்லாதீங்க."

விக்னேஸ்வரன் சிரித்தான். "சர்ச்சுல ஃபாதர் திட்டுனாரா?"

"யாரும் திட்டல. நானாத்தான் சொல்றேன்."

"அப்ப இனிமே உன்னை சிஸ்டர்னு கூப்பிடுறோம் லா!"

மறுபடி சிரிப்பு. கேரனின் காது சுட்டது. விக்னேஸ்வரனின் எட்டிப்பார்க்கும் முன்பற்களுக்கு அருமையான பெயர் ஒன்று அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் எல்லாரும் அவள் பக்கம் வந்துவிடுவார்கள். அவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை தினேஸ்வரி வந்தாள். கதவோரம் ஒடுங்கி உட்கார்ந்தாள். உதடுகள் காய்ந்திருந்தன. மன்னிப்புக் கேட்டது மட்டும் போதாது என்று கேரனுக்குப் பட்டது. வேனைக் கண்டாலே இவளுக்குப் பயம். அந்தப் பயம் போக வேண்டும்.

அன்று மதியம் கேரன் சன்னாசி அங்கிளிடம் போனாள். "அங்கிள், வேன் ஏறுறதுக்கு முன்னால டாய்லெட் போவ அஞ்சு நிமிஷம் தருவீங்களா? வழியில ஜாம் ஆனா பெட்ரோல் ஸ்டேஷன்ல நிறுத்துவீங்களா?"

"யாருக்கு?"

"எல்லாருக்கும். எனக்கும்தான்."

அவர் தலையைச் சொறிந்தார். "இத்தன வருஷம் வேன் ஓட்டுறேன். இத யாருமே கேட்டதில்ல. சரி, நிறுத்துறேன்."

அதன் பிறகு தினமும் வேன் ஏறும் முன் கேரன் உரக்கச் சொன்னாள்: "நான் டாய்லெட் போறேன்! யாரு வாரீங்க?"

முதல் நாள் தனியாகத்தான் போனாள். மறுநாள் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் கூட ஓடினார்கள். "சிஸ்டர் ஊர்வலம் போறாங்க!" என்றான் விக்னேஸ்வரன். அடுத்த வாரம் அவனும் ஊர்வலத்தின் கடைசியில் போனான். தினேஸ்வரி மட்டும் போகவில்லை. கேரன் அவளைப் பெயர் சொல்லி அழைக்கவும் இல்லை.

பழைய பெயர் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டது. கேட்கும்போதெல்லாம் கேரன் போய், "அவ பேரு தினேஸ்வரி," என்றாள்.

ஒரு மாதம் போனது. ஒரு மதியம் வானம் கொட்டித் தீர்த்தது. பட்டணத்தைத் தாண்டியதும் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. வேனுக்குள் யாரும் பேசவில்லை. கேரன் தினேஸ்வரி பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

கதவோரத்தில் தினேஸ்வரி எழுந்து நின்றாள்.

"அங்கிள், வேன ஓரமா நிறுத்துங்க. எனக்கு டாய்லெட் போவணும்."

மெல்லிய குரல்தான். ஆனால் எல்லாருக்கும் கேட்டது. விக்னேஸ்வரன் வாயைத் திறந்தான். கேரன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் வாரேன்," என்றான் அவன். "எவ்வளவு நேரந்தான் அடக்குறது?"

சன்னாசி அங்கிள் பெட்ரோல் ஸ்டேஷனுக்குள் வேனைத் திருப்பினார். கதவு திறந்ததும் ஐந்தாறு பேர் மழையில் ஓடினார்கள். தினேஸ்வரி குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். ஆனால் போகவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க வரல?"

கேரனுக்கு அப்போது எந்த அவசரமும் இல்லை. ஆனாலும் துள்ளி இறங்கி, அந்தச் சின்னக் குடைக்குள் புகுந்துகொண்டாள்.